பாசி தொட்ட கல்லும் சாட்சி சொல்லும்

பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்கிறவர்களிடம் எழுதப்படாத ஒரு தரவரிசை இருக்கிறது. முதலிடம் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் துளையிட்டு எடுத்த பனிக்கட்டித் தூண்களுக்கு. அடுத்தது ஆழ்கடல் சேற்றுக்கு. பிறகு குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களுக்கு. ஆற்றிலும் ஏரிக்கரையிலும் பாசியும் பாக்டீரியாவும் படர்ந்த இடத்தில் கட்டிய சுண்ணாம்புக் கல்லை, அதாவது டூஃபா என்றும் ஸ்ட்ரோமடோலைட் என்றும் சொல்லப்படுவதை, இந்த வரிசையில் சேர்ப்பதற்கே பலருக்கு மனம் வருவதில்லை.

அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தை வலுக்குறையாமல் எடுத்து வைக்கிறேன். நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகின்றன. உறிஞ்சும்போது லேசான கார்பனைத் தேர்ந்தெடுத்து எடுக்கின்றன. தங்களைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையையே மாற்றிவிடுகின்றன. அப்படிப் படிந்த கல்லில் இருப்பது உயிரின் கதை, வானிலையின் கதை அல்ல. போதாக்குறைக்கு அந்தக் கல் பொத்தல் நிறைந்தது, களிமண் கலந்தது, வெள்ளம் வந்தால் உடைந்து போவது, வயதை நம்பிக் கணிக்க முடியாதது. எனவே குகைத்தூண் கிடைக்கும் இடத்தில் இதைத் தொடவே தேவையில்லை, கிடைக்காத இடத்தில் தொட்டாலும் பயனில்லை என்கிறார்கள்.

இதில் சொல்லப்படும் ஒவ்வொரு தகவலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவற்றை அடுக்கி எட்டும் முடிவு மட்டும் தவறு. அந்த முடிவால் உலகின் பல வறண்ட நிலங்கள் தங்கள் கடந்த காலத்தை இழக்கின்றன என்பதால் இதை மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

கல் எப்படிக் கட்டுகிறது என்பதில் தொடங்குவோம். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் மண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறை வழியாகப் போகும்போது பாறையைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஊற்றாக வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. ஆகவே நீரிலிருந்து வாயு வெளியேறுகிறது. பாறையில் மோதி, அருவியாக விழுந்து, நுரைத்து ஓடும் இடங்களில் வேகமாக வெளியேறுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க நீரால் முடிவதில்லை. போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பிடிக்கிறதே, அதே வேதியியல்தான் ஓடையிலும் நடக்கிறது. அங்கே பாசி எதுவும் தேவைப்படுவதில்லை.

அப்படியானால் நுண்ணுயிரின் வேலை என்ன? ஓடைக் கற்களின் மேல் ஃபோர்மிடியம் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் வழவழப்பான மெத்தையாகப் படர்கின்றன. படிகம் தொற்றிக்கொள்ள அந்த மெத்தை இடம் கொடுக்கிறது. இழைகளைச் சுற்றிக் கல்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகம் குழாய்போலக் கட்டுகிறது. மூடப்பட்ட பாசி ஒளியைத் தேடி மேலே வளர, கல்லும் பின்னாலேயே வளர்கிறது. மார்ட்டினா மெர்ஸ்-பிரைஸும் ராபர்ட் ரைடிங்கும் இரண்டு நன்னீர் ஓடைகளை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாக ஓடும் நீரில் படிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீரின் சொந்த வேதியியல் என்பதை எடுத்துக்காட்டியது. இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஜெர்மனியின் வெஸ்டர்ஹோஃபர், டைன்ஷ்வாங்கர் ஓடைகளில் பாசி மெத்தைக்குள் ஊசிமுனை அளவு மின்வாய்களைச் செருகி அளந்தபோது, மெத்தையின் உள்ளே படிவு நடப்பது ஒளி இருக்கும்போதுதான், ஒளிச்சேர்க்கையே அதைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. மறுதரப்பு இந்த முடிவைத்தான் முன்னால் வைக்கிறது.

வைக்கட்டும். அதிலிருந்து என்ன நிரூபணமாகிறது? படிகம் எந்த நேரத்தில், மெத்தையின் எந்த மில்லிமீட்டரில் உருவாகிறது என்பது நிரூபணமாகிறது. அந்தப் படிகத்துக்குள் போகும் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அது ஓடையின் நீரிலிருந்து வந்தது. மேலேயிருந்து புது நீர் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும் ஓடையில், மெல்லிய பாசிப்படலம் அந்த நீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளைத் தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. கார்பன் விஷயத்தில் பாசியின் கை ஓரளவு தெரியலாம். ஆனால் கார்பனும் ஆக்சிஜனும் தனித்தனியாக அளக்கப்படும் இரண்டு சாட்சிகள். ஒன்றில் கலப்பு இருக்கலாம் என்பதற்காக இரண்டையும் கூண்டிலிருந்து இறக்கிவிடுவது எந்த நியாயம்?

உயிர் தொட்டதெல்லாம் கெட்ட பதிவு என்றால், கடலியலில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போக வேண்டும். சேசரே எமிலியானி 1955இல் பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தை ஆழ்கடல் சேற்றிலிருந்து வாசித்துக் காட்டியது ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகளை வைத்து. அவர் பெரிதும் சார்ந்திருந்த மிதவை இனங்கள் தங்கள் உடலுக்குள்ளேயே பாசிகளை வளர்ப்பவை! ஒளிச்சேர்க்கை ஓட்டுக்கு வெளியே மட்டும் நடக்கவில்லை, ஓட்டைக் கட்டும் உயிரின் உள்ளேயே நடக்கிறது. அந்த ஓடுகளில் உயிரின் பாதிப்பு இருக்கிறது என்பது தெரிந்த பிறகு யாரும் அவற்றைத் தூக்கி எறியவில்லை. இனம் வாரியாகப் பாதிப்பை அளந்து கணக்கில் கழித்தார்கள். எமிலியானி பெரும்பாலும் வெப்பநிலை என்று வாசித்த மாற்றத்தின் பெரும்பகுதி உண்மையில் கண்டப் பனிப்படலங்களின் அளவைச் சொல்கிறது என்று நிக்கலஸ் ஷாக்கிள்டன் 1967இல் காட்டியபோதும் சாட்சியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. வாசிப்பைத் திருத்தினார்கள். பவளத்துக்கும் இதே மரியாதை கிடைத்தது. ஆற்றுக் கல்லுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

குகைத்தூணோடு ஒப்பிடும்போது இந்தப் பாரபட்சம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. குகைக் கல்சைட் நீரோடு சமநிலையில் படிந்ததா என்று சோதிக்கும் அளவுகோல்களைக் கிறிஸ் ஹெண்டி 1971லேயே வகுத்தார். அப்படி ஒரு சோதனை தேவைப்பட்டதற்குக் காரணம், சமநிலை இல்லாமல் படிவது குகையிலும் சகஜம் என்பதுதான். இணைந்த ஐசோடோப்புகளை, அதாவது கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒன்றாகப் பிணைந்திருக்கும் அளவை, கணக்கிடும் புதிய முறை வந்த பிறகு, பல குகைத்தூண்கள் எதிர்பார்த்த சமநிலையிலிருந்து விலகி நிற்பது உறுதியாகவே தெரிந்துவிட்டது. பாசி இல்லை, ஒளி இல்லை, ஆனாலும் விலகல் இருக்கிறது. குகையில் விலகல் வந்தால் திருத்தம் போடுகிறோம். ஓடையில் விலகல் வரக்கூடும் என்ற சந்தேகம் வந்தாலே கல்லை ஒதுக்குகிறோம். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

ஓடைக் கல் உண்மையில் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஜப்பானின் எஹிமே மாகாணத்தில் உள்ள ஷிரோகாவாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அகிஹிரோ கானோவும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே ஒரு டூஃபா ஓடையை அணுகிய விதம் முக்கியமானது. கல்லை வெட்டுவதோடு நிற்காமல், நீரைத் தொடர்ந்து அளந்தார்கள்: வெப்பநிலை, கால்சியம், ஐசோடோப்புகள் எல்லாவற்றையும் பருவம் தவறாமல் பார்த்தார்கள்.

கல்லை வெட்டி மெருகேற்றி லென்சின் கீழ் வைத்தால், பக்கம் பக்கமாக இரண்டு விதமான பட்டைகள் மாறி மாறி வரும். ஒன்று படிகங்கள் நெருக்கமாகக் கட்டிய இறுகிய பட்டை. மற்றது இழைகள் நின்ற இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும் தளர்ந்த பட்டை. இறுகியது கோடை, தளர்ந்தது குளிர்காலம். இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. இந்த மாற்றத்துக்குக் காரணம் பாசியின் வளர்ச்சி மாற்றம் என்று முன்பு பலரும் நினைத்தார்கள். ஷிரோகாவா அளவுகள் வேறு மாதிரி சொல்லின: கல்சைட் படியும் வேகமே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. அந்த வேகத்தை நீரின் வெப்பநிலையையும் அதில் கரைந்திருப்பவற்றையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஆண்டு வரியை இழுத்தது பருவம். பாசி அதற்குத் தாள் கொடுத்தது.

ஐசோடோப்புகளும் அதையே சொல்லின. கல்சைட் சமநிலையில் படியும்போது நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் கல்லில் ஆக்சிஜன்-18இன் பங்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 0.2 அளவு குறையும். ஷிரோகாவாவில் நிலத்தடியிலிருந்து வரும் ஊற்று நீரின் ஆக்சிஜன் சேர்மானம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. எனவே கல்லில் தெரியும் ஏற்ற இறக்கம் வெப்பநிலையின் ஏற்ற இறக்கம்தான். மத்ஸுவோகாவும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த அலை பட்டைக்குப் பட்டை ஒழுங்காக எழுந்து தாழ்வதைப் பார்க்கலாம். 2019இல் கானோ குழுவினர் ஜப்பானிய டூஃபாவில் இணைந்த ஐசோடோப்புகளை அளந்து பருவகால வெப்பநிலை மாற்றத்தை நேரடியாகவே எடுத்துக் காட்டினார்கள். குகைக்குள் ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். கோடைக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளியை அந்தத் தூணிடம் கேட்டால் பதில் வராது. ஓடைக் கல்லோ அதைத்தான் முதலில் சொல்கிறது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் ஈர்த்தது களிமண். களிமண் கலந்திருக்கிறது, ஆகவே கெட்ட பதிவு என்பதுதானே புகார்? கானோவும் சக ஆய்வாளர்களும் 2004இல் அந்தப் புகாரையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். கனமழை பெய்தால் ஓடை கலங்குகிறது. கலங்கல் வடியும்போது பாசி மெத்தையின் மேல் மெல்லிய களிமண் படலம் தங்குகிறது. சில நாட்களில் அதன் மேல் கல்சைட் கட்டிவிடுகிறது. கல்லை வெட்டினால் அது பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை மழைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்து, பெருமழைகளின் வரலாறாக வாசித்தார்கள். அழுக்கு என்று ஒதுக்கியதில் மழை நாள் இருந்தது. குகைத்தூண் ஒன்றில் தனித்தனி மழைகளை இப்படிப் படிப்பது எவ்வளவு அரிது என்பது அந்தத் துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஷிரோகாவாவில் கோடைப் பட்டை இறுகியது என்பதால் எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஊற்றின் தன்மை, மழை பெய்யும் பருவம், மரநிழல் எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு தனிப் பழக்கத்தைக் கொடுக்கின்றன. ஓரிடத்தில் கண்டதை வேறிடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போய், பொருந்தவில்லை என்றதும் கல்லைக் குறை சொன்னவர்கள் உண்டு. குறை அங்கே கல்லில் இல்லை.

வயதுக்கணிப்பு கடினம் என்ற வாதம்தான் இருப்பவற்றில் வலுவானது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. தூய கல்சைட் யுரேனியத்தோடு மட்டும் பிறக்கிறது. பிறகு சேரும் தோரியம் கடிகாரமாகிறது. களிமண்ணும் புழுதியும் கலந்தால் அவை தங்களோடு பழைய தோரியத்தைக் கொண்டுவந்து கடிகாரத்தை முன்தள்ளிவிடுகின்றன. நமீபியாவின் நௌக்ளுஃப்ட் மலைகளில் பிரம்மாண்டமான டூஃபாக்களை ஆராய்ந்தவர்கள், இந்த முறை அங்கே செல்லுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2010இல் தங்கள் சிரமங்களை வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து எல்லா டூஃபாவும் வயதில்லாதது என்று பொதுமைப்படுத்துவதை ஏற்க முடியாது. ஒரே அடுக்கிலிருந்து களிமண் கூடியதும் குறைந்ததுமாகப் பல துண்டுகளை எடுத்து அளந்தால், வெளியிலிருந்து வந்த தோரியத்தைப் பிரித்துக் கழிக்க வழி இருக்கிறது. கார்பன்-14 முறையில் வேறொரு சிக்கல்: கரைந்த பழம்பாறையின் கார்பனில் கார்பன்-14 கிடையாது, ஆகவே கல் உண்மையைவிட மூத்ததாகத் தெரியும். குரோவேஷியாவின் பிளிட்விட்ஸே ஏரிகளில் ஸாக்ரெப் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கோடுதான் போராடியிருக்கிறார்கள். இன்றைய நீரில் பழங்கார்பனின் பங்கை அளந்து, பழைய அடுக்குகளின் வயதைத் திருத்துகிறார்கள். கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு.

ஏரிகளுக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் இங்கேதான். உயிர் தொட்டது என்ற குற்றச்சாட்டு ஏரிக்கரையில் தலைகீழாகிவிடுகிறது.

பொலிவியாவின் ஊயுனி உப்புப் பாலையைக் கற்பனை செய்யுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில், சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்குக் கண் கூசும் வெள்ளை உப்பு. நடுவே இன்காவாசி என்றொரு பாறைக் குன்று. ஆள் உயரத்தைத் தாண்டிய கள்ளிச்செடிகள் நிற்கும் அந்தக் குன்றின் பாறைகளைக் கிட்டே போய்ப் பார்த்தால், அவற்றின் மேல் சொரசொரப்பாக, மடிப்பு மடிப்பாகச் சுண்ணாம்பு போர்த்தியிருக்கும். தண்ணீரில் மட்டுமே கட்டக்கூடிய கல், சொட்டு நன்னீர் இல்லாத ஓர் இடத்தில். அதே போர்வை பாலையைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளிலும் மேலே ஏறிப் போகிறது, ஏறத்தாழ 3,770 மீட்டர் வரைக்கும். அதாவது இன்றைய உப்புத் தரைக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமான நீர் ஒரு காலத்தில் நின்றிருக்கிறது. டவுகா ஏரி என்று அதற்குப் பெயர். கரைக் கற்களிலிருந்து பெற்ற வயதுகள் அதன் உச்சத்தைச் சுமார் 17,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு வைக்கின்றன. வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் கூட்டமாக உடைந்து மிதந்த, ஹைன்ரிக் 1 என்று அழைக்கப்படும் குளிர்க்கட்டத்தோடு அது ஒத்துப்போகிறது. வடக்கே கடல் குளிர்ந்தபோது வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்து, ஆண்டீஸ் மேட்டுநிலத்தில் பெருமழையாகக் கொட்டியது என்ற விளக்கத்துக்கு இந்தக் கரைகள் முக்கியமான ஆதாரம்.

இதில் நுண்ணுயிரின் பங்கு என்ன? ஒளிச்சேர்க்கை செய்யும் உயிருக்கு ஒளி வேண்டும். ஒளி வேண்டுமென்றால் அது நீர்மட்டத்துக்கு அருகே வாழ வேண்டும். ஆகவே கரையோரத்தில் அது கட்டிய கல் ஏரியின் உயரத்தைக் குறித்துவைத்த கல்லாகிறது. பாசி இல்லாமல் வெறும் வேதியியலால் படிந்திருந்தால் இந்த உயரக்குறியை நாம் இவ்வளவு நம்ப முடியாது. எந்த உயிர் பதிவைக் கெடுத்தது என்கிறார்களோ, அந்த உயிர்தான் பதிவுக்கு அளவுகோலைக் கொடுத்தது. விதிவிலக்கு இருக்கிறது: துருக்கியின் வான் ஏரியில் 40 மீட்டர் உயரக் கோபுரங்கள் ஏரித்தரையின் ஊற்றுகளைச் சுற்றி ஆழத்திலிருந்தே எழுகின்றன, அவற்றைக் கரைக்கோடாக வாசிக்கக் கூடாது. ஊற்றுக் கோபுரம் எது, கரைப் போர்வை எது என்று களத்தில் பிரித்தறிவது இந்தத் துறையில் அடிப்படைப் பயிற்சி.

டவுகாவின் கதையைச் சரிபார்க்க வேறொரு சாட்சியும் இருக்கிறது. ஊயுனியின் வடகரையில் துனுப்பா எரிமலை நிற்கிறது. அதன் சரிவில் பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களின் வயதைப் பியர்-ஹென்றி பிளார்டும் சக ஆய்வாளர்களும் முற்றிலும் வேறு முறையில், பாறையில் சேர்ந்த ஹீலியத்தை வைத்து அளந்தார்கள். ஏரி நிறைந்திருந்த காலத்தில் பனியாறும் தாழ நின்றது. ஏரி வற்றத் தொடங்கியபோது அதுவும் பின்வாங்கியது. பாசி தொட்ட கல்லும் பாசியே அறியாத பனிக்கல்லும் ஒரே காலத்தைச் சொல்கின்றன. நம்பத்தகாத சாட்சியின் வாக்குமூலம் இப்படிப் பொருந்துமா?

அமெரிக்காவின் நெவாடாவில் பிரமிட் ஏரியைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளையும் விட்டுவிட மனமில்லை. பழைய லஹோன்டன் ஏரியின் எச்சங்களான அவற்றை இஸ்ரேல் ரஸல் 1885இல் விரிவாக விவரித்தார். அவற்றில் ஓர் அடுக்கு நீண்ட, கூர்மையான படிகங்களால் ஆனது. தினோலைட் என்று பெயர். அது எந்தக் கனிமத்தின் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது என்பது நூறு ஆண்டுகளாகப் புரியவில்லை. உறைநிலைக்கு அருகிலான நீரில் மட்டுமே நிலைக்கும் இகைட் என்ற கனிமத்தின் மாற்றுரு அது என்று 1989இல் காட்டப்பட்டது. ஐசோடோப்பு அளக்காமலேயே, படிகத்தின் வடிவம் மட்டுமே பழைய ஏரியின் குளிரைச் சொல்லிவிட்டது. நூறு ஆண்டுகள் அந்தக் கல்லைப் பயனற்றது என்று தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்த பதில் அது.

மூடிய ஏரியில் ஆவியாதல் ஐசோடோப்புகளைக் குழப்பிவிடும் என்பார்கள். ஆவியாகும்போது நீரில் கனமான ஆக்சிஜன் தங்குகிறது; நீண்ட காலம் தேங்கும் நீரில் கார்பனும் கனமாகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால், அந்த ஏரிக்கு வெளியே போகும் வழி இல்லை, அது மழைக்கும் வெயிலுக்கும் இடையிலான கணக்கில் மட்டுமே வாழ்ந்தது என்று பொருள். மைக்கேல் டால்பட் 1990லேயே இதைத் தெளிவாக எழுதினார். வறண்ட நிலத்தில் நாம் அறிய விரும்புவதே அந்தக் கணக்கைத்தான்.

மிச்சமிருக்கும் குறை, தொடர்ச்சியின்மை. வெள்ளம் கல்லை உடைக்கிறது, வறட்சியில் ஊற்று நிற்கிறது, நடுவே ஆயிரம் ஆண்டு காணாமல் போகிறது. உண்மைதான். ஆனால் பாலைவனத்தில் ஊற்று ஓடிய காலங்கள் எவை, நின்ற காலங்கள் எவை என்பதுதானே முதல் கேள்வி? எகிப்தின் கார்கா பாலைவனச்சோலையை ஒட்டி இன்று ஓடை எதுவும் இல்லாத மேட்டு விளிம்பில் டூஃபா கிடக்கிறது. அந்தக் கல் இருப்பதே அங்கு மழை பெய்து, நிலத்தடி நீர் நிரம்பி, ஓடை ஓடியதற்கு அத்தாட்சி. அங்கே இடைவெளிகளும் பதிவின் பகுதி.

இந்த ஒதுக்கலை அவசரமாக எதிர்க்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய அடுக்கை வாசிக்க, பக்கத்தில் இன்றும் கட்டிக்கொண்டிருக்கும் உயிருள்ள அடுக்கு வேண்டும். ஷிரோகாவாவில் அது இருந்ததால்தான் எந்தப் பட்டை எந்தப் பருவம் என்று சொல்ல முடிந்தது. உரமும் சாக்கடையும் கொண்டுவரும் பாஸ்பேட் கல்சைட் படிகம் வளர்வதைத் தடுக்கிறது. மேலே மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஊற்று தாழ்கிறது. அணை கட்டினால் நுரைத்து விழும் அருவி தேங்கிய நீராகிறது. படிவு நின்றுபோன ஓடையில் பழைய கல் அப்படியே இருக்கும். அதை வாசிக்கும் சாவி போய்விடும்.

ஸ்பெயினின் பியெட்ரா ஆற்றில் கொன்சா அரேனாஸும் சக ஆய்வாளர்களும் 1999 முதல் 2012 வரை அந்தச் சாவியைப் பொறுமையாகச் செய்தார்கள். வேகமான ஓட்டம், அருவி, தேங்கிய மடு என்று வெவ்வேறு இடங்களில் சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பதித்து, அரையாண்டுக்கு ஒருமுறை எடுத்து, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று அளந்தார்கள். வெப்பமான அரையாண்டில் அதிகம், குளிர்ந்த அரையாண்டில் குறைவு. வேகமான நீரில் அதிகம், மெதுவான நீரில் குறைவு. ஒரு பலகை, ஓர் அளவுகோல், பதின்மூன்று ஆண்டுகள். டூஃபா கட்டும் ஒவ்வொரு நதிப்படுகையிலும் இப்படி ஒரு வரிசைப் பலகைகளைப் பதிக்க ஆகும் செலவு, ஒரே ஒரு ஆழ்கடல் துளையிடும் பயணத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குச் சிறியது. அந்த அளவீடு செய்யப்படாத ஆற்றின் கல்லை நம்பமுடியாதது என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.